ஊர்ச் சத்தம்

அடுத்து குதிரை வரும் என்றார் பூதலிங்கம், மனதுக்குள்தான். டிவியில் வந்தது பூநாரைக் கூட்டம். சரி, பூநாரை முடிந்ததும் குதிரை என்று திருத்திக்கொண்டார். வந்தது உப்பளம். உப்பளமும் போய், பின்னால் வெறும் தண்ணீரும் வானமுமாக, நீலச் சட்டை போட்ட ஓர் ஆள், தலைமுடி அத்தனையும் கருகருவென்று, மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கோடியக்கரை என்றால் நிலம் முடிகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் நேயர்களே, இங்கே வந்து நின்று பார்த்தால்தான் தெரிகிறது, கடல் தொடங்குகிற இடமும் இதுதான்" என்று இடது புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு சொன்னான். அந்த ஆள் பூதலிங்கம்தான். மூக்கு அவர் மூக்கு, புருவக் கோணங்கித்தனம் அவருடையது, குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அந்தக் குரலுக்காகத்தான் அரசுத் தொலைக்காட்சி அவரை இருபது வருஷம் ஊர் ஊராக அலைய விட்டது. எல்லாம் சரிதான், ஆனால் கோடியக்கரைக்குத் தான் போனதாக அவருக்கு ஒரு துளி ஞாபகம் கூட இல்லை. மங்கலாகக் கூட இல்லை. மங்கலாக இருந்தால் துடைத்துப் பார்க்கலாம், இது துடைத்து வைத்த பலகை. கால் விரல்கள் நாற்காலிக்கடியில் தாமாகவே மடங்கிக்கொண்டன. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். செண்பகம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் இந்த நேரத்துக்கு உள்ளறையில் மெலிதாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவள், இன்றைக்கென்று பார்த்துக் கீரைக்கட்டோடு டிவிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். கீரை இரவுக்குத்தான், இப்போது உருவ வேண்டிய அவசியமே இல்லை. கவனிக்கிறாளோ? கவனிக்கிறாள் என்றுதான் பட்டது.

ஒரு மாதமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பழைய பயண நிகழ்ச்சியை மறு ஒளிபரப்புச் செய்கிறார்கள். 'கூப்பிடு தூரம்' என்று பெயர். கோட்டை, குடைவரை, அருவி, அலையாத்திக்காடு, எந்த ஊரில் என்ன திருவிழா, எந்த மலையில் என்ன மூலிகை, எல்லாவற்றையும் அரை மணி நேரத்துக்குள் அடக்கி, கடைசியில் "எந்த ஊரும் நமக்குக் கூப்பிடு தூரம்தான்" என்று கையை விரித்துக் காட்டி முடிப்பார். தமிழ்நாட்டில் பாதிப்பேர் அந்தக் கைவிரிப்பை நக்கலடித்திருக்கிறார்கள், மீதிப்பேர் டிவி பார்க்காதவர்கள். மறு ஒளிபரப்பு தொடங்கியபோது நண்பர்கள் போனில் கூப்பிட்டுக் கொண்டாடினார்கள். கொண்டாட்டமெல்லாம் அவர்களுக்கு, அவருக்கு அது பரீட்சை. திரையில் இருக்கிற ஆள் வாயைத் திறக்குமுன் அடுத்த வரியை இவர் சொல்லிவிட வேண்டும், அடுத்த காட்சி என்னவென்று முந்திக்கொள்ள வேண்டும், முந்திக்கொண்டால் பாஸ். கழுகுமலையில் பாஸ். பிச்சாவரத்தில் பாஸ். செஞ்சிக்கோட்டையில் ஒரு வரி பிசகவில்லை, கேமராமேன் ஆல்பர்ட் படியில் வழுக்கி விழுந்து, விழும்போதும் கேமராவைக் குழந்தையைத் தூக்குவது போல் தலைக்கு மேல் பிடித்திருந்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது. "பாத்தியா, ஆல்பர்ட் விழுந்தது இந்தப் படிதான்" என்று உள்ளே தூங்கிய செண்பகத்தை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினார். அன்று ராத்திரியே பெங்களூரிலிருந்து பேசி, மறதிக்கு டாக்டரைப் பாருங்கள் என்று மறுபடி ஆரம்பித்த மகள் வள்ளியிடமும், "டாக்டரும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், செஞ்சியைப் பத்திக் கேளு, ராஜகிரி உச்சி வரைக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று வீராப்பாகச் சொல்லி போனை வைத்தார். வள்ளி விடவில்லை, திங்கட்கிழமைக்குப் பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். போக மாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லலாம், சறுக்கியது அடி என்றால் சொல்லலாம். மலையையே காணோமே.

தபாலாபீஸ் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முருகன்குறிச்சி நிறுத்தத்தில் இறங்கி, தபாலாபீஸில் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தவர் ரோட்டோரத்தில் அப்படியே நின்றார். வலது பக்கமா, இடது பக்கமா? ரோடு இருந்தது, கடைகள் இருந்தன, வெயில் இருந்தது, எல்லாம் முதல் தடவை போகிற ஊர் மாதிரி இருந்தது. எத்தனையோ ஊரில் அப்படி இறங்கி நின்றிருக்கிறார், அதில் ஒரு சுகம் உண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு இந்த ஊர் என்ன வாசம் அடிக்கிறது என்று பார்ப்பார். அந்தச் சுகம்தான் அன்றைக்கும் வந்தது, வந்து ஒரு நொடி கழித்துத்தான் இது பாளையங்கோட்டை, தான் பிறந்த ஊர், ஓய்வுக்குப் பிறகு சென்னையிலிருந்து திரும்பி வந்து இருக்கிற ஊர் என்று உறைத்தது. ஓர் ஆட்டோவில் ஏறித் தெருப்பெயரைச் சொன்னார், நல்லவேளை தெருப்பெயர் வாயில் இருந்தது. ஆட்டோக்காரன் குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்த்து, "சார், நீங்க கூப்பிடு தூரம் சார்தான? எங்க அப்பாவுக்கு ஒங்களன்னா உசிரு. ஊரு ஊராப் போயி வழி காட்டுன ஆளுல்லா நீங்க!" என்றான். வழி காட்டின ஆளை அவன் இரண்டு திருப்பத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். இதைப் போய் யாரிடம் சொல்வது? செண்பகத்திடம் சொன்னால் அவள் அழமாட்டாள், திட்டமாட்டாள், சரி என்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள், இழவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் அவள் காது வழியாகத்தான் போயின, இரண்டுக்கும் ஒரே குரலில் லைன் கொடுத்தவள். அந்தச் 'சரி'யைத்தான் அவரால் தாங்க முடியாது. அதற்கப்புறம் சட்டையை எங்கே வைத்தீர்கள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்கும்போதெல்லாம் அந்தச் சரி நடுவில் நிற்கும். கேலி பேசிச் சண்டை போடுகிற பெண்டாட்டி போய், பார்த்துக்கொள்கிற பெண்டாட்டி வந்துவிடுவாள். அது வேண்டாம் என்றுதான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார், சோறு குறைந்துகொண்டே வருகிறது.

திரையில் காடு. குட்டை குட்டையான மரங்களுக்கு நடுவே வெளிமான் ஒன்று கொம்பை முறுக்கிக்கொண்டு பார்த்தது. அதன் பின்னால், இதோ, குதிரை. ஆளில்லாமல், லாடமில்லாமல், தன்பாட்டுக்குத் திரிகிற மட்டக்குதிரைகள். குதிரை வந்ததில் மனசு ஒரு நொடி குளிர்ந்தது, பிறகு வெட்கமாகிவிட்டது. கோடியக்கரையில் குதிரை உண்டு என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, இது ஞாபகமல்ல, பொது அறிவு. இந்த நேரம் பார்த்து கரண்ட் போகக்கூடாதா? வேண்டும்போது ஒரு நாளும் போகாது. ஆல்பர்ட் இந்தக் குதிரையை எங்கே நின்று எடுத்தான்? கேமராவுக்கு இடது பக்கம் நான் நின்றிருப்பேன், எப்போதும் அங்கேதான் நிற்பேன், காலில் சேறு இருந்திருக்கும், என்ன சாப்பிட்டோம், எங்கே தங்கினோம், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம்? ஒன்றுமில்லை. ஒலிப்பதிவாளர் கந்தப்பன் வந்திருப்பாரா? வராமல் இருக்க மாட்டார். கந்தப்பனை நினைத்ததும் கழுத்து வரை கம்பளி மப்ளரும் காதில் ஹெட்போனின் கறுப்பு வட்டமுமாக ஆள் முழுசாக வந்து நின்றார், அப்பாடா. எந்த ஊரில் படப்பிடிப்பு முடிந்தாலும் மூட்டை கட்டுவதற்கு முன் கந்தப்பனுக்கு ஒரு சடங்கு உண்டு. எல்லாரையும் நிற்கிற இடத்திலேயே நிறுத்தி வைத்து, கையை மேலே தூக்குவார். கை இறங்குகிற வரைக்கும் யாரும் அசையக்கூடாது, இருமக்கூடாது, எச்சில் விழுங்கினால் கூட முறைப்பார். அந்த ஊர் சும்மா இருக்கும்போது என்ன சத்தம் போடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வார். ஊர்ச் சத்தம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். நிலையத்தில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டும்போது, பேச்சில்லாத இடங்களிலெல்லாம் அதைத்தான் அடியில் ஓடவிடுவார்கள். மலைக்கு ஒரு சும்மா உண்டு, ஆற்றுக்கு ஒரு சும்மா உண்டு என்பார் கந்தப்பன். பூதலிங்கத்துக்கு அந்தச் சும்மாக்கள் எல்லாம் தனித்தனியே ஞாபகம் இருக்கின்றன, கழுகுமலையில் பாறைப்பொந்துக் கிளி, செஞ்சியில் காற்று மட்டும், குற்றாலத்தில் குரங்கு. குற்றாலத்துக்குத்தான் செண்பகம் வந்திருந்தாள். இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை படப்பிடிப்புக்குக் கூட வந்தாள், லீவு கிடைத்தது அந்த ஒரு தடவைதான். போன மாதம் எதிர்வீட்டு ஞானதுரை, "ஏன் அண்ணாச்சி, அக்காவை எங்கயும் கூட்டிட்டுப் போகவே இல்லையா?" என்று கேட்டபோது, "ஒரு தடவை போனோம்லா, குற்றாலத்துக்கு" என்று உடனே சொன்னார். காப்பி கொண்டுவந்த செண்பகம் வாசல்படியில் ஒரு கணம் நின்றாள், சர்க்கரை போட்டோமா என்று யோசித்திருப்பாள். பிறகு காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். காப்பியில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

நீலச் சட்டைக்காரன் மறுபடி வந்தான். மறுபடியும் பின்னால் தண்ணீர், மேலே வானம். இப்போது பூதலிங்கம் அவனை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டை கசங்கவே இல்லை. கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. இவர் வெளியூர் போனால் சட்டை போகிற அழகு ஊருக்கே தெரியும், முதல் நாள் இரவே பையில் சுருண்டு, மறுநாள் மாடு மென்று துப்பியது போலத்தான் இருக்கும், செஞ்சியில் பாருங்கள், பிச்சாவரத்தில் பாருங்கள். சென்னையிலிருந்து கோடியக்கரைக்கு ராத்திரி முழுக்க வேனில் போன ஆளின் சட்டையா இது? அப்புறம், வந்த இரண்டு தடவையும் இடுப்புக்கு மேலேதான் காட்டினார்கள். குதிரையோடு அவன் ஒரே சட்டகத்தில் நிற்கவில்லை. உப்பளத்தோடும் நிற்கவில்லை. ஓகோ! ஓகோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு, எல்லா நிலையத்திலும் உண்டு. ஆளனுப்ப முடியாத சமயங்களில் கேமரா மட்டும் முன்னால் போய் பறவையையும் மிருகத்தையும் பிடித்துக்கொண்டு வந்துவிடும். பேசுகிறவனைப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது தண்ணீர் ஓரமாக நிறுத்தி, பேச்சை மட்டும் எடுத்து நடுநடுவே சொருகிவிடுவார்கள். தண்ணீருக்கு ஊர்ப்பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன? ஓர் அணையைக் காட்டி இன்னோர் அணையைப் பேசிய அனுபவம் இவருக்கே உண்டு. அப்படியானால் இது பழவேற்காடு. சென்னைக்குப் பக்கத்தில், காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், இதே ஏரி, இதே வானம், பூநாரை கூட அங்கே உண்டு. போகவே இல்லை! போகாத ஊர் எப்படி ஞாபகம் இருக்கும்? மறக்கவில்லை, எதுவும் மறக்கவில்லை, போனால்தானே மறப்பதற்கு! நெஞ்சில் கட்டியிருந்த கயிறு அறுந்து விழுந்தது. பொய் சொல்லி நின்றது இத்தனை ஆனந்தமாக இருக்கும் என்று அவர் வாழ்நாளில் நினைத்ததில்லை.

"செம்பகம், இது கோடியக்கரையே இல்ல, தெரியுமா?" என்றார். குரல் பழைய குரலாகக் கணீரென்று வந்தது. "பழவேற்காட்டுல நின்னு பேசியிருக்கேன். ஆல்பர்ட் மட்டும் முன்னால போய்ப் படம் எடுத்துட்டு வந்துட்டான். சட்டையப் பாரு, ஒரு சுருக்கம் இருக்கா? நான் வெளியூர் போனா சட்டை இப்படியா இருக்கும்?"

செண்பகம் திரையைப் பார்த்தாள். "சுருக்கம் இல்லதான்" என்றாள். ஒரு கீரைக்காம்பை எடுத்து, இலையை உருவி, காம்பைத் தள்ளிப் போட்டாள்.

அப்பாடா என்று சாய்ந்துகொண்டார். வள்ளியிடம் இதையே சொல்லலாம், திங்கட்கிழமை போய் டாக்டரிடமே கூடச் சொல்லலாம், சட்டையை வைத்தே கண்டுபிடித்தேன் பார்த்தீர்களா என்று. மூளை என்ன குறைச்சலாகவா இருக்கிறது, துப்பறிகிற அளவுக்கு இருக்கிறது. தபாலாபீஸ் அன்றைக்கு வெயில், அவ்வளவுதான், வெயிலில் யாருக்கும் தலை சுற்றும். திரையில் பேச்சு நின்று, பூநாரைகளின் மேல் படம் மெதுவாக நகர ஆரம்பித்தது. ஆல்பர்ட்டின் கை, அந்த நிதானம் அவனுக்கு மட்டும்தான் வரும். சேற்றில் ஒற்றைக்கால் ஊன்றிய பறவைகள், அதற்கப்பால் மினுங்கும் நீர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. அடியில் கந்தப்பனின் ஊர்ச் சத்தம் ஓடியது. காற்று, தண்ணீர் மண்ணை நக்குகிற சத்தம், எங்கோ ஒரு கனைப்பு. பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், நல்ல சும்மாதான். அப்போது காற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து, மூக்கு வழியாக முதலில் உடைந்து, பிறகு தாங்க முடியாமல் களுக்கென்று கொட்டிய சிரிப்பு. அவ்வளவுதான், சட்டென்று கை வைத்துப் பொத்திக்கொண்டது போல நின்றுவிட்டது. காற்று தொடர்ந்தது. ஆனால் பூதலிங்கத்துக்கு அதற்கப்புறம் காற்று கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கோடிப் பேர் நடுவில் போட்டாலும் அவர் எடுத்துவிடுவார், கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது ஐயர் தும்மியதற்குச் சிரித்த சிரிப்பு, வள்ளி பிறந்து ஆஸ்பத்திரியில் குழந்தையின் காதைப் பார்த்து 'உங்க காதேதான்' என்று சிரித்த சிரிப்பு. மூக்கில் உடைகிற அந்த ஆரம்பம் வேறு யாருக்கும் கிடையாது. கந்தப்பன் கையைத் தூக்கியிருக்கும்போது, கேட்கிற தூரத்தில் அவள் நின்றிருக்கிறாள். அங்கே நின்றிருக்கிறாள். கனைத்த குதிரைக்குப் பக்கத்தில். ஒரே ஒரு தடவை வந்தாளே, அது குற்றாலமில்லை.

கண்ணைத் திறந்தார். செண்பகத்தின் கை கீரையில் நின்றிருந்தது. அவள் டிவியைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறட்டை விடுகிற நேரத்தில் கீரைக்கட்டோடு வந்து உட்கார்ந்தது இதற்குத்தான் என்று இப்போது விளங்கியது. கோடியக்கரை என்று நேற்றே அறிவித்தார்கள், இந்தச் சிரிப்பு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும், வரும்போது இவர் முகம் என்ன ஆகும் என்று பார்க்க வந்திருக்கிறாள். பரீட்சை நடத்தவில்லை, பாவம், ஆசையாகத்தான் வந்திருக்கிறாள். இரண்டுபேரும் சேர்ந்து கேட்கலாம் என்று. ஆனால் வாய் இருபது வருஷப் பழக்கம், அது எஜமானனைக் கேட்காது, தெரியாத ஊரில் இறக்கிவிட்டாலும் பேச ஆரம்பித்துவிடும்.

"ஆமா ஆமா" என்றது வாய். "அன்னிக்கு என்ன காத்து! நீ கூட அந்தச் சேலைய இழுத்து இழுத்து..." எந்தச் சேலை? வாய் சேலைக்கு நிறம் தேடியது. பச்சை என்று சொல்லலாம். மஞ்சள்? இழுத்து இழுத்து என்பதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை, எங்கும் சேறு.

செண்பகம் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்ல, செம்பகம்" என்றார் பூதலிங்கம். "மொத்தமா இல்ல. வந்ததும் இல்ல, போனதும் இல்ல. நீ வந்தது கூட இல்ல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"குத்தாலம்னு ஞானதுரைகிட்ட சொன்னீங்கல்லா, அன்னைக்கே. குத்தாலத்துக்கு நான் எங்க வந்தேன்? அன்னைக்கு எனக்கு டியூட்டி" என்றாள். அவர் பயந்த அந்தச் 'சரி'யை அவள் சொல்லவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுசாக அணைத்தாள். திரையில் நீலச் சட்டைக்காரன் மறுபடி வந்து, புருவத்தைத் தூக்கிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்தான். "இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. சட்டை கசங்காததுக்குக் காரணம் பழவேற்காடு இல்ல. நான் கூட வந்தேம்லா. மடிச்சு என் பொட்டியில வச்சுக் கொண்டாந்தேன்."

அவர் அந்தச் சட்டையைப் பார்த்தார். துப்பறிந்த பெருமையெல்லாம் போயே போயிற்று. ஆனால் சட்டை இப்போது முன்னைவிட நன்றாக இருந்தது.

"ஏன் சிரிச்ச?"

"சிரிக்காம? கந்தப்பண்ணன் கையத் தூக்கிக்கிட்டு நிக்காரு. எல்லாரும் மூச்சு விடாம நிக்கோம். நீங்க கோயில் சிலை மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கீங்க. பின்னால ஒரு மட்டக்குதிரை வந்து ஒங்க ஜோல்னாப் பையத் தின்னுது. பைக்குள்ள நான் கட்டிக் குடுத்த முறுக்கு. பையி போகுது, ஒங்களுக்குத் தெரியுது, ஆனா அசைய மாட்டேங்கீங்க. கண்ணு மட்டும் இப்படிப் போகுது." செண்பகம் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டிக் காட்டினாள். மூக்கில் அந்தச் சிரிப்பு உடையப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். "கந்தப்பண்ணனுக்கு அன்னைக்கு வந்த கோவம்! திரும்ப எடுக்கணும்னாரு. வெட்டிப் போட்டுருவோம்னாங்க எல்லாரும். நீங்கதான் ஒரே பிடியா, அது கிடக்கட்டும், அதுவும் ஊர்ச் சத்தம்தான்னு சொல்லிட்டீங்க."

நான் சொன்னேனா? பூதலிங்கம் உள்ளே போய்த் தேடினார். குதிரை வரவில்லை. முறுக்கு வரவில்லை. தான் சொன்ன அந்த ஒரு வரி, நல்ல வரி, தன்னுடையது போலத்தான் இருக்கிறது, அதுவும் வரவில்லை. வராது போலிருக்கிறது என்று நினைத்தபோது, மறுபடியும் அந்தத் தபாலாபீஸ் வாசலில் நிற்பது போல இருந்தது. ஆனால் அங்கே அவர் தனியாக நின்றார்.

"திங்கக்கிழமை போவோம்" என்றார்.

"ம்" என்றாள் செண்பகம். கீரைத்தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் அந்த ஆள் சத்தமில்லாமல் எதையோ பிரமாதமாக விளக்கிக்கொண்டிருந்தான். இவருக்கு அவன் மேல் முதல் தடவையாகப் பொறாமை வந்தது, அவனுக்கு இன்னும் எல்லாம் தெரியும். பேசட்டும். இருபது வருஷமாக அவன் பேசித்தானே எல்லாரும் கேட்டார்கள்.

"நீ சொல்லு" என்றார். "மொதல்லேர்ந்து சொல்லு."

"மொதல்லேர்ந்துன்னா, தாம்பரம் தாண்டுமுன்ன நான் வேன்ல வாந்தி எடுத்ததுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அதுலேர்ந்தே ஆரம்பி."